பழைய டீசல் வண்டி ஏன் கரும்புகை கக்குகிறது?

கேள்வி இதுதான்: ஏற்றத்தில் முக்கி முக்கி ஏறும் பழைய லாரியும், நிறுத்தத்திலிருந்து கிளம்பும் பழைய பஸ்ஸும் பின்னால் வருகிறவர் முகத்தில் கரியை அப்பிவிட்டுப் போகின்றன. அதே சாலையில் போகும் புது டீசல் வண்டியில் புகையே தெரிவதில்லை. இது வயசுக் கோளாறா, டீசலின் குற்றமா, எஞ்சின் போய்விட்டதன் அறிகுறியா? சரிசெய்ய வழி உண்டா?

சுருக்கமான பதில்: சிலிண்டருக்குள் போன டீசலுக்கு, எரிய வேண்டிய நேரத்துக்குள் போதுமான காற்று கிடைக்கவில்லை. கருப்பாகத் தெரிவது எரிந்து முடியாத கரி. காற்று ஏன் கிடைக்கவில்லை என்பதற்குப் பதில் மூன்று இடங்களில் இருக்கிறது. கொஞ்சம் டீசல் எஞ்சினின் பிறவிக் குணம். கொஞ்சம் அந்தக் காலத் தொழில்நுட்பத்தின் எல்லை. மீதி பராமரிப்பில் விட்ட குறை. சாலையில் நாம் பார்க்கும் அடர்ந்த கரும்புகையில் பெரும்பங்கு இந்த மூன்றாவதிலிருந்து வருகிறது என்பது என் கணிப்பு. அது சரிசெய்யக்கூடியது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பிறவிக் குணம். பெட்ரோல் எஞ்சினில், பெரும்பாலும் சிலிண்டருக்குள் போவதற்கு முன்பே பெட்ரோலும் காற்றும் கலந்துவிடும். ஸ்பார்க் பிளக் பொறி வைக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே கலவை. டீசலில் அப்படி இல்லை. சிலிண்டர் இழுப்பது வெறும் காற்றை மட்டும். அதை 16 முதல் 22 மடங்கு வரை அமுக்கினால் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தக் கொதிக்கும் காற்றுக்குள் கடைசி நொடியில் டீசலைப் பீய்ச்சுகிறோம். பொறியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்கிறது.

இந்தக் கடைசி நொடி எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டால்தான் சிக்கல் புரியும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடுகிறது என்றால் ஒரு சுற்றுக்கு 30 மில்லி விநாடி. டீசலைப் பீய்ச்சத் தொடங்கி, அது எரிந்து வேலை கொடுத்து முடிக்கக் கிடைப்பது 360 டிகிரி கொண்ட அந்தச் சுற்றில் ஏறக்குறைய 60 டிகிரி. அதாவது 5 மில்லி விநாடி. ஒரு விநாடியை இருநூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அதற்குள் டீசல் துளியாக உடைய வேண்டும், ஆவியாக வேண்டும், காற்றோடு கலக்க வேண்டும், எரிந்து முடிய வேண்டும்.

எல்லாத் துளியும் இதைச் சாதிப்பதில்லை. பீய்ச்சியடித்த டீசலின் வெளிப்புறம் காற்றைத் தொட்டு எரிகிறது. உட்புறத்தில் காற்று இல்லை, ஆனால் சுற்றிலும் எரிவதால் கடும் சூடு இருக்கிறது. டீசலின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் பத்து முதல் இருபதுக்கு மேல் கார்பன் அணுக்கள் உண்டு. ஆக்ஸிஜன் இல்லாமல் இவ்வளவு சூடு பட்டால் மூலக்கூறு சிதைகிறது. ஹைட்ரஜன் பிரிந்து போக, கார்பன் ஒன்றோடொன்று ஒட்டிக் கரித்துகள் ஆகிறது. ஒரு துகள் 20, 30 நானோமீட்டர்தான். அவை கொத்துக் கொத்தாகச் சேர்ந்து வெளியே வரும்போதுதான் நம் கண்ணுக்குப் புகை. மண்ணெண்ணெய் விளக்கில் திரியை அளவுக்கு மேல் தூக்கினால் சிம்னி கறுத்துப் போகுமே, அங்கே நடப்பதும் இதேதான்: எண்ணெய் கூடிவிட்டது, காற்று அதே அளவில் நிற்கிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று: நன்றாக ஓடும் எஞ்சினுக்குள்ளும் கரி உருவாகிறது, அதுவும் நிறையவே. ஆனால் உருவானதில் மிகப் பெரும்பகுதி அதே சிலிண்டருக்குள், அதே வீச்சில், மீதிக் காற்றோடு சேர்ந்து எரிந்துவிடும். நாம் வெளியே பார்ப்பது அப்படி எரியத் தவறிய மிச்சம். பிஸ்டன் கீழே இறங்க இறங்க உள்ளே சூடு குறைகிறது. ஏறக்குறைய 1,000 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் கரி எரிவது கிட்டத்தட்ட நின்றுவிடும். அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் சைலன்சர் வழியாகத்தான் போகும். டீசல் பீய்ச்சும் நேரம் (டைமிங்) எஞ்சின் சுற்றில் சில டிகிரி தாமதமானாலே புகை கூடுவது இதனால்தான். கரி எரிந்து தீர இருக்கிற நேரத்தையே தாமதம் தின்றுவிடுகிறது.

அடுத்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் ஏன் புகை? ஐடிலில் நிற்கும்போது பெரும்பாலும் புகை தெரியாது, ஏற்றத்தில் மிதித்தவுடன் குபீரென்று வரும். பழைய டீசல் எஞ்சின் பெரும்பாலானவற்றில் காற்றைக் கட்டுப்படுத்தும் அமைப்பே கிடையாது. காற்று தன் போக்கில் வருகிறது. உங்கள் கால் கட்டுப்படுத்துவது டீசலை மட்டும். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று தேவை. ஐடிலில் அதைப்போல நாலைந்து மடங்கு காற்று இருக்கும், கரிக்கு வேலையில்லை. மிதிக்க மிதிக்க டீசல் கூடுகிறது, டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி) இல்லாத எஞ்சினில் காற்று அப்படியே நிற்கிறது. கணக்குப்படி 14.5 இருந்தால் போதும் என்றாலும், அந்த 5 மில்லி விநாடிக்குள் எல்லாம் கலந்து முடியாது என்பதால், ஒரு கிலோவுக்கு 18, 20 கிலோ காற்று என்ற அளவுக்கு இறங்கும்போதே பழைய எஞ்சின் புகைய ஆரம்பிக்கும். எஞ்சின் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் டீசலை அளந்து அனுப்பும் பம்ப்பில் அதிகபட்ச டீசலுக்கு ஒரு ஸ்க்ரூவால் எல்லை வைத்து சீல் போட்டு அனுப்பினார்கள். அந்த எல்லைக்கு என்ன கதி நேர்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது தொழில்நுட்பம். 1927இல் பாஷ் நிறுவனம் டீசல் பம்ப்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த மெக்கானிகல் பம்ப்தான் பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் லாரிகளை ஓட்டியது. அற்புதமான பொருள். சில மைக்ரான் இடைவெளியில் பிளஞ்சரும் (டீசலைத் தள்ளும் தண்டு) பேரலும் (அது ஓடும் குழல்) உரசி ஓடி, வாஷர்கூட இல்லாமல் உயர் அழுத்தத்தைத் தாங்கும். எஞ்சின் வேகத்தைப் பார்க்க கவர்னர், அதில் சுழலும் எடைக்குண்டுகள். இவ்வளவு இருந்தும், எஞ்சினுக்குள் இந்த நிமிடம் எவ்வளவு காற்று போகிறது என்று அந்தப் பம்ப்புக்குத் தெரியாது. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் அதே டீசல்தான், மலை மேலே போனாலும் அதே டீசல்தான். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சமவெளியில் சரியாக இருக்கும் வண்டி மலையில் புகைவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

டர்போ வந்தபோது காற்று கூடியது, அதோடு ஒரு புதுச் சிக்கலும் வந்தது. மிதித்த கணமே டீசல் வந்துவிடும். டர்போ வேகமெடுத்துக் காற்றைத் தள்ள ஒரு விநாடி, சில வண்டிகளில் இரண்டு விநாடி பிடிக்கும். அந்த இடைவெளியில் வருவதுதான் கிளம்பும்போது ஒரு முறை குபுக்கென்று கிளம்பி, பிறகு அடங்கிவிடும் புகை. டர்போ அழுத்தம் வந்த பிறகுதான் கூடுதல் டீசல் போக விடும் டயாஃப்ரம் (அழுத்தத்துக்கு அசையும் சவ்வு) அமைப்பைப் பம்ப்பின் மேலே வைத்து இதை ஓரளவு அடக்கினார்கள்.

புது வண்டிகளில் மாறியது, எவ்வளவு காற்று போகிறது என்று தெரியாத பம்ப்பின் அந்த அறியாமைதான். எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் முறை 1997இல் கார்களில் முதன்முதலாக ஆல்ஃபா ரோமியோ 156இல் வந்தபோது அழுத்தம் 1,350 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). இன்று 2,000 பாரையும் தாண்டிவிட்டது. பழைய வண்டியின் நாசில் (டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முனை) திறப்பது 200 பார் பக்கம். பீய்ச்சும்போது அதற்கு மேலே ஏறினாலும், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அந்த அழுத்தம் போதாது. அழுத்தம் கூடினால் நாசில் துளையைச் சிறிதாக்கலாம், டீசல் பனிபோல் பொடிந்து காற்றோடு சட்டென்று கலக்கும். கூடவே, உள்ளே வரும் காற்றை சென்சார் அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் அதற்குத் தகுந்த டீசலை மட்டும் விடுகிறது. நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் காற்று வரும்வரை அது அசையாது. அதையும் மீறி உருவாகும் கரியைப் பிடிக்க சைலன்சர் வழியில் டி.பி.எஃப். என்ற ஃபில்டர். 2000இல் பெஜோ 607 காரில் தொடங்கி இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. அதாவது புது எஞ்சின் கரியே உருவாக்காத எஞ்சின் என்று நினைக்க வேண்டாம். குறைவாக உருவாக்குகிறது, உருவாக்கியதைப் பிடித்து வைத்து, 600 டிகிரி பக்கம் சூடேற்றி எரித்துவிடுகிறது.

சட்டங்களும் இதைத் தள்ளின. ஐரோப்பாவில் 1992இல் யூரோ 1 என்ற புகை விதி வந்தபோது டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 0.14 கிராம் துகள் வெளியிடலாம் என்று இருந்தது. 2009இல் யூரோ 5 அதை 0.005 கிராமாக்கியது. இருபத்தெட்டில் ஒரு பங்கு. ஃபில்டர் இல்லாமல் அந்த எண்ணைத் தொடுவது நடைமுறையில் முடியாத காரியம். டீசலில் கந்தகத்தை 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவுக்குக் குறைத்த பிறகுதான் இந்தக் கருவிகளும் நிம்மதியாக வேலை செய்ய முடிந்தது.

இனி மூன்றாவது, நம் கையில் இருக்கும் பகுதி. இங்கேதான் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும்.

நாசிலை எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றி, கையால் அடிக்கும் டெஸ்டரில் மாட்டி லீவரை அமுக்கினால் நல்ல நாசில் எப்படி இருக்கும் தெரியுமா? ‘கிர்ர்... கிர்ர்’ என்று ஓர் அதிர்வுச் சத்தம். துளை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே அளவில், வெள்ளைப் புகைமூட்டம்போல் டீசல் கிளம்பும். லீவரை நிறுத்தியதும் வெட்டியதுபோல் நிற்கும், நுனி காய்ந்திருக்கும். கெட்டுப்போன நாசிலில் அந்தச் சத்தம் வராது. ஒரு துளையில் மூட்டம், இன்னொன்றில் நூல்போல் ஒரே கோடு, நிறுத்திய பிறகும் நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கும். அந்தச் சொட்டுதான் புகை. அந்தக் கோடு நேராகப் போய் பிஸ்டன் மீதும் சிலிண்டர் சுவரிலும் அடிக்கும். எரியாமல் கீழே வழிந்து எஞ்சின் ஆயிலையும் நீர்க்க வைக்கும். (சோதிக்கும்போது அந்தப் பீச்சலுக்கு நேரே கையைக் கொண்டுபோகாதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.)

ஏர் ஃபில்டர் இதைவிட எளிது, ஆனால் மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவது. தூசி நிறைந்த பாதையில் ஓடும் வண்டிக்கு ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். அடைத்தால் வண்டி இழுக்காது. அடைத்த ஃபில்டரைத் தட்டித் தட்டி மறுபடி போடுவது, காற்றடித்து ஓட்டை விழுந்ததைக்கூடப் போடுவது, இரண்டுமே கெடுதல். ஓட்டை வழியே போகும் தூசி பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கையும் சிலிண்டரின் உள்சுவரான லைனரையும் தேய்த்துவிடும். அப்புறம் கம்ப்ரஷன் (காற்றை அமுக்கும் அழுத்தம்) குறைந்து, வேறு வகையில் அதே புகை வரும்.

இங்கேதான் அந்த சீல் வைத்த ஸ்க்ரூவின் கதை தொடங்குகிறது. ஃபில்டர் அடைத்தோ, நாசில் தேய்ந்தோ இழுவை குறைகிறது. ஓனர் ‘பிக்கப் இல்லை’ என்கிறார். நாசிலையும் ஃபில்டரையும் பார்க்காமல், பம்ப்பின் சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருப்பி டீசலைக் கூட்டிவிடுகிறார்கள். ஐந்து நிமிட வேலை. வண்டி கொஞ்சம் இழுக்கவும் செய்யும், எல்லோருக்கும் திருப்தி. உண்மையில் நடந்தது என்ன? காற்று குறைந்திருந்த எஞ்சினுக்கு இன்னும் டீசலை ஊற்றியிருக்கிறோம். புகை கூடும், மைலேஜ் விழும், எக்ஸாஸ்ட் சூடு ஏறி வால்வும் பிஸ்டனும் டர்போவும் அடிபடும். டெஸ்ட் பெஞ்சில் ஏற்றாமல் பம்ப்பின் டீசல் அளவில் யாரும் கை வைக்க விடாதீர்கள். பெஞ்சில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து அளந்து, எல்லாவற்றையும் சமமாக்குவார்கள். காதால் கேட்டு அதைச் செய்ய முடியாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸ் கிழிந்திருந்தால், லோடில் விசில்போல் சத்தம் கேட்கும், இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். அளந்து கொடுத்த காற்று அங்கே வெளியேறுகிறது. எரிந்த வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால் காற்று போக வேண்டிய இடத்தை எரிந்த வாயு பிடித்துக்கொள்ளும். வால்வைத் திறக்கும் டாப்பெட்டின் இடைவெளி தவறினால் சிலிண்டர் முழு மூச்சு வாங்காது. ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் விழுந்தால் காற்று போதிய அளவு சூடாகாது, டீசல் தாமதமாகப் பற்றும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் நல்ல எஞ்சின்கூட எந்நேரமும் தன் எல்லையில்தான் ஓடும். காற்றில்லாத டயரும், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கும்கூட எஞ்சினுக்குப் பாரம்தான்.

புகையின் நிறத்தையும் கவனியுங்கள், ஏனென்றால் வைத்தியம் வேறு. கருப்பு என்றால் காற்றுக்கும் டீசலுக்கும் உள்ள கணக்குத் தவறு. நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது: ரிங், வால்வு சீல், டர்போ சீல். வெள்ளை என்றால் டீசல் பற்றாமல் ஆவியாகவே போகிறது, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது. குளிர்ந்த எஞ்சினில் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளை வந்து மறைந்தால் பயப்பட வேண்டாம்.

கரும்புகைக்கு எந்த வரிசையில் பார்ப்பது? நான் சொல்வது: முதலில் காற்று வரும் வழி, ஃபில்டரும் ஹோஸும் டர்போவும். பிறகு நாசில். பிறகு டைமிங், டாப்பெட். பிறகு பம்ப் காலிப்ரேஷன், அதாவது பெஞ்சில் ஏற்றி டீசல் அளவைச் சரிசெய்வது. கடைசியாகத்தான் கம்ப்ரஷன் பார்த்து எஞ்சினைப் பிரிப்பது பற்றிப் பேச வேண்டும். செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போகும் வரிசையும் இதுவே. பல வண்டிகள் முதல் இரண்டு படியிலேயே அடங்கிவிடும். எஞ்சின் வேலை என்று சொல்லிப் பயமுறுத்தினால், கம்ப்ரஷன் எவ்வளவு காட்டியது என்று ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண்ணைக் கேளுங்கள். எண் சொல்ல முடியாதவர் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

டேங்கில் ஊற்றும் ‘புகை போக்கி’ மருந்துகளை நம்பி இருக்காதீர்கள். லேசாக அழுக்குப் பிடித்த நாசிலுக்கு அவை கொஞ்சம் உதவலாம், தேய்ந்துபோன நாசிலை எந்த மருந்தும் வளர்த்துத் தராது. டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் சில நேரம் புகை குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் அதற்கு வழவழப்பு குறைவு. பிளஞ்சரும் நாசில் ஊசியும் டீசலையே எண்ணெயாகக் கொண்டு உரசுபவை என்பதால் அவை தேய்ந்து, சில காலத்தில் முன்பைவிட மோசமாகப் புகையும்.

ஓட்டுகிறவர் கையிலும் ஒரு பங்கு உண்டு. மேல் கியரில் வைத்தபடியே ஏற்றத்தில் முழுதாக மிதித்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், பம்ப் அழுத்தமும் குறைவு, டர்போவும் விழித்திருக்காது, டீசல் மட்டும் முழு அளவில் போகும். புகைக்கு இதைவிடத் தோதான நிலை இல்லை. ஒரு கியர் இறக்கி, படிப்படியாக மிதித்தால் அதே ஏற்றத்தைப் பாதிப் புகைகூட இல்லாமல் ஏறலாம்.

‘புகையாகப் போவது எல்லாம் என் டீசல் காசு’ என்று வருந்துகிறவர்கள் உண்டு. கரியாக வெளியேறும் எடை, போட்ட டீசலில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. காசு போவது வேறு வழியில்: புகை வரும் அளவுக்குத் தாமதமாகவும் அரைகுறையாகவும் எரியும் டீசல் பிஸ்டனைச் சரியாகத் தள்ளுவதில்லை. நாசிலும் ஃபில்டரும் சரியானதும் மைலேஜ் ஏறுவது அதனால்தான்.

மூச்சு விடுகிறவர்களுக்கு நேரும் தீங்கு அப்படிச் சிறியதல்ல. இந்தத் துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும் அளவுக்கு நுண்ணியவை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்தது. அதிகம் சுவாசிப்பவர்கள் அந்த வண்டியைச் சுற்றியே வாழ்பவர்கள்: டிரைவர், கிளீனர், பட்டறையில் வேலை பழகும் பையன், பின்னால் இரு சக்கர வண்டியில் வரும் குடும்பம். பட்டறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ரேஸ் செய்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

புகைச் சோதனையில், வண்டியை நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து, வரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று கருவி அளக்கும். ஐரோப்பிய விதியில் பழைய வண்டிகளுக்கு டர்போ இல்லாவிட்டால் மீட்டருக்கு 2.5, டர்போ இருந்தால் 3.0 என்பது எல்லை (எண் கூடினால் புகை அடர்த்தி கூடுதல்). டர்போவுக்குக் கூடுதல் சலுகை ஏன் என்பது மேலே சொன்ன அந்த ஒரு விநாடித் தாமதத்தை நினைத்தால் விளங்கும். சோதனைக்கு முன் எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அளந்தால் எண் தவறாக வரும்.

கடைசியாக, பழைய வண்டிக்கு டி.பி.எஃப். மாட்டிவிட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். பஸ், லாரிகளில் பின்னர் பொருத்தும் ஃபில்டர்கள் உண்டு, கந்தகம் குறைந்த டீசலோடு நன்றாக வேலை செய்திருக்கின்றன. ஆனால் இரண்டு நிபந்தனை. பிடித்த கரியை எரிக்கும் அளவுக்கு எக்ஸாஸ்ட் அடிக்கடி சூடேற வேண்டும். நின்று நின்று போகும் வண்டியில் அது கடினம். எஞ்சின் ஆயில் குடிக்காததாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஆயில் எரிந்து வரும் சாம்பல் எந்தச் சூட்டிலும் எரிந்து போகாது, ஃபில்டரிலேயே தங்கி அடைத்துவிடும். ஆகவே ரிங்கும் நாசிலும் பம்ப்பும் சரியான பிறகுதான் ஃபில்டர் பற்றி யோசிக்க வேண்டும்.